வண்டி விக்கறதில்லீங்க

வாங்க தம்பி. ஆமாங்க, இந்த வீடுதான். செங்கோட்டுவேல் நான்தானுங்க. வண்டி பார்க்க வந்தீங்களா? மோகனூர்லிருந்தா? அடடா.

தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி. வண்டி விக்கறதில்லீங்க. விளம்பரம் போட்டது நெசந்தான். போட்டுக் குடுத்தது எங்க எடைமேடையில பில் போட்டுட்டிருந்த பொண்ணு. அது கல்யாணமாகித் திருப்பூர் போயிருச்சு. போன்ல அதை எடுக்கறது எப்படின்னு எனக்குத் தெரியலீங்க. வாரத்துக்கு ஒருத்தர் ரெண்டு பேர் இப்படித்தான் வர்றாங்க.

உட்காருங்க. இவ்வளவு தூரம் வந்துட்டு வாசல்லயே திரும்பினா நல்லா இருக்காது. வாணி, தம்பிக்கு ஒரு காபி! எங்க ஊட்டுலங்க, கோகிலவாணி. நாங்க வெளிய கிளம்பற நேரந்தான். பரவால்லீங்க, நமக்கு ஒண்ணும் அவசரமில்ல. காரணம் சொல்லாம அனுப்பினா நீங்க போற வழியெல்லாம் என்னத் திட்டிட்டுப் போவீங்க. கேட்டுட்டே போங்க.

அந்தா, கொட்டாய்க்குள்ள நிக்குது பாருங்க. புல்லட் இல்லீங்க. எல்லாரும் புல்லட்டுன்னுதான் சொல்றாங்க. அந்த ஜாடையில வேற கம்பெனி. உருண்டை லைட்டு, சொட்டு மாதிரி டேங்க், கம்பிச் சக்கரம், எல்லாம் பழைய காலத்து மாதிரி, ஆனா புதுசு. வாங்கி அஞ்சு மாசம் ஆகுது. கிட்ட போய்ப் பாருங்களேன், கடிக்காது. நான் இங்கிருந்தே சொல்றேன்.

நான் இருபத்திரண்டு வருசமா சேந்தமங்கலம் ரோட்டுல எடைமேடையில வேலை பார்க்கறேனுங்க. மரவள்ளிக்கிழங்கு லோடு, மக்காச்சோளம், ஜல்லி, கோழித்தீவனம். வர்ற லாரியெல்லாம் என் முன்னால ஏறி நின்னு எடை காட்டிட்டுத்தான் போகணும். முப்பது டன், முப்பத்தஞ்சு டன் எல்லாம் எனக்குச் சாதாரணம். ஜன்னல் வழியாக் கையைக் காட்டுவேன், லாரி நகரும். ஆனா நான் ஓட்டுனது என்னவோ மொபெட்டுதான். கிளட்ச்சும் இல்ல, கியரும் இல்ல. முறுக்கினாப் போகும், விட்டா நிக்கும். எனக்கு அதுல ஒரு குறையும் இல்லீங்க.

எங்க மக தாரணி. ஒரே புள்ள. நர்ஸ் படிச்சு, போன வருசம் கவர்ன்மெண்ட் வேலை கிடைச்சுது. கொல்லிமலை மேல, செம்மேட்டுல போஸ்டிங். வேலைக்குப் போன கொஞ்ச நாள்ல வந்து, "அப்பா, உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க"ன்னா. நான் பேப்பர் படிச்சிட்டிருந்தேன். அந்தப் பக்கத்துல இந்த வண்டி படம் போட்டிருந்துது. "இது வாங்கிக் குடு"ன்னு விரலை வெச்சேனுங்க. விளையாட்டுக்குத்தான். இந்தப் புள்ளைக விளையாட்டையெல்லாம் எங்க விளையாட்டா எடுத்துக்குது? இருவது நாள்ல போன் வருது, "அப்பா, வெள்ளிக்கிழமை நாமக்கல்ல டெலிவரி, வெள்ளைச் சட்டை போட்டுட்டு வந்துருங்க"ன்னு.

வேண்டாம்னு எப்படிச் சொல்றதுங்க? புள்ள சம்பாதிச்சு வாங்கிக் குடுக்கற மொதல் பொருள்.

கடையில வண்டிக்கு மாலை போட்டிருந்தாங்க. அட்டையில செஞ்ச பெரிய சாவி ஒண்ணு என் கையில குடுத்துப் படம் புடிச்சாங்க. அப்பறம் அங்கிருந்தவர் வண்டியைக் கிளப்பிக் காட்டினார். அந்தச் சத்தம் வந்துச்சு பாருங்க, தொம் தொம்னு, அது காதுல விழலீங்க, நெஞ்சுக்குழியில விழுந்துச்சு. உள்ளங்கை வேர்த்துப் போச்சு. எல்லாரும் சந்தோசத்துல வேர்க்குதுன்னு நினைச்சாங்க. நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டேன்.

அங்கிருந்து வீட்டுக்கு வர்றதுக்குள்ள ஏழு தடவை ஆஃப் ஆச்சு. ஏழாவது தடவை நாமக்கல் பஸ் ஸ்டாண்டு சிக்னல்ல. பின்னால முட்டை லாரி ஒண்ணு ஹாரனை அழுத்திப் புடிச்சான். காலை ஊணி வண்டியை நிமித்திப் புடிக்கறேன், அது மெதுவா இடது பக்கம் சாயுது.  தாரணியும் அவங்கம்மாவும் பஸ்ல முன்னால போயிட்டாங்க, அந்த மட்டும் நல்லது.

அன்னிக்கே எடைமேடைக்குக் கொண்டு போய் ஏத்தி எடை பார்த்தேனுங்க. நூத்தித் தொண்ணூறு கிலோ. சிமெண்ட் மூட்டை கணக்குல நாலு மூட்டைக்குக் கொஞ்சம் குறைய. என்னைக்கும் எடை காட்டற அந்தப் பெட்டியில நான் பார்க்கற நம்பருக்கெல்லாம் பயந்ததில்ல. அதெல்லாம் நாலு சக்கரம், ஆறு சக்கரத்து மேல நிக்கும். இது என் ரெண்டு காலு மேல நிக்கணும். அந்த நம்பரைப் பார்க்காமயே இருந்திருக்கலாம் தம்பி.

மூணாவது நாள் இதே வாசல்ல விழுந்துச்சு. உள்ள திருப்பறேன், கால் ஒரு சின்னக் கல்லு மேல பட்டுது. விழறது தெரியுதுங்க, அதுதான் கொடுமை. ஒரு அளவு வரைக்கும் புடிச்சு நிறுத்திடலாம். அதைத் தாண்டிட்டா வண்டி அதும்பாட்டுக்குப் போயிரும், நீங்க கூடவே போக வேண்டியதுதான். எதிர் வீட்டு வாத்தியார் பல்லு விளக்கிட்டு நின்னு பார்த்துட்டிருந்தார். நானும் வண்டியும் தோள் மேல கை போட்டுட்டுப் படுக்கற மாதிரி படுத்தோம். வாணிதான் ஓடி வந்தா. "கையில தூக்காதீங்க, சீட்டுக்கு முதுகைக் குடுத்து உந்துங்க"ன்னா. சொல்லிட்டு அவளே முதுகைக் குடுத்தா. எந்திரிச்சு நின்னுருச்சு. எல்லாம் ஒரு தெம்புதான், அவ தினம் மாவு அரைக்கறவ.

அதுக்கப்பறம் தினம் ஒரு காரணம் தேட ஆரம்பிச்சேனுங்க. மேகமா இருக்குது, நனையும். இன்னிக்குச் சந்தை, கூட்டமா இருக்கும். டயர்ல காத்துக் குறைஞ்ச மாதிரி தெரியுது. ஓட்டுனாலும் விடியக்காலமே ஆளு எந்திரிக்கறதுக்கு முன்னால கிளம்பி, வாய்க்கால் ஓரத்து ரோட்டுல சுத்திக்கிட்டுப் போய், எடைமேடையில இறக்கமில்லாத இடமாப் பார்த்து நிறுத்துவேன். முன்பிரேக்கைத் தொடவே மாட்டேன். முன்பிரேக்கைப் புடிச்சாத் தலைகுப்புறத் தூக்கிப் போட்டுரும்னு யாரோ எப்பவோ சொன்னது மனசுல ஆணி அடிச்ச மாதிரி நின்னுருச்சு. வலது கால் பிரேக்கு மட்டுந்தான். கால் எப்பவும் அது மேலயே இருக்கும். அப்படி வெச்சுக்கிட்டா ஒரு தைரியமுங்க.

ஆனா வெளிய யார் கேட்டாலும், "ஓட்டச் சொகமா இருக்குது, ஊட்டுலதான் பயப்படறாங்க"ம்பேன். பொம்பளைங்கன்னா அப்படித்தானே. வாணி அதைக் கேட்டா, ஒரு பார்வை பார்த்துட்டு உள்ள போயிருவா.

தாரணிதான் விடல. "அப்பா, வண்டியில மேல வாங்க. எங்க ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் காட்டணும். எங்கப்பா எழுபது வளைவும் ஏறி வந்தாருன்னு சொல்லணும்." வாரா வாரம் இதே பேச்சு. ஐப்பசி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, சரின்னுட்டேன். இட்லிப்பொடி, ஊறுகாய், ஒரு போர்வை, எல்லாம் கட்டிக்கிட்டு வாணி பின்னால ஏறினா.

நீங்க கொல்லிமலை போயிருக்கீங்களா? காரவள்ளி தாண்டினதும் ஆரம்பிக்கும். ஒவ்வொரு வளைவுலயும் நம்பர் எழுதின பலகை இருக்கும். எழுபது. ஏறும்போது ஒண்ணும் தெரியலீங்க தம்பி. மொதல் கியரு, ரெண்டாவது கியரு, மெதுவா. ஏத்தத்துல வண்டி நம்மள விட்டுட்டு எங்கயும் ஓடாது. வாணி பலகையைப் பார்த்து நம்பர் சொல்லிட்டே வந்தா. மேல போனதும் தாரணி ஓடி வந்து டேங்கைத் தடவறா, என்னத் தடவறா. அங்கிருந்த பெரிய டாக்டரம்மா வந்து, "சார், பிரமாதமா இருக்கீங்க"ன்னாங்க. என்னச் சொன்னாங்களா வண்டியைச் சொன்னாங்களா தெரியல. அன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் நான் ராஜாதானுங்க.

இறங்கும்போதுதான்.

சோளக்காடு தாண்டி மொதல் வளைவுல இறங்கறேன். ரோடு கீழ போகுது. வெறும் கீழ. ஏறும்போது மலை முன்னால இருந்துச்சு, இப்ப முன்னால ஒண்ணுமே இல்ல. ஒரு சுவரு, அதுக்கு அந்தப் பக்கம் வானம். வண்டி தானாப் போகுதுங்க. நான் முறுக்கவே இல்ல, அது போகுது. வலது காலை வெச்சு அழுத்தினேன். அழுத்தினவன் எடுக்கவே இல்ல. அறுபத்தஞ்சு, அறுபது, அம்பத்தஞ்சு, வாணி பின்னால எண்ணிட்டே வர்றா, நான் பிரேக்கை மிதிச்ச கால் மிதிச்சபடி வர்றேன். பெட்ரோல் மிச்சமாகட்டும்னு கியரை வேற நாலுல போட்டிருந்தேன். லேசாத் தூறல். ரோடு பளபளன்னு இருக்குது. குரங்கு ஒண்ணு சுவத்து மேல உக்காந்து என்னப் பார்க்குது. அது முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்குதுங்க.

நாப்பதுக்குப் பக்கத்துல ஒரு நாத்தம் வந்துச்சு. ரப்பர் கருகற மாதிரி. வாணி சொன்னா, "ஏனுங்க, ஏதோ கருகுது, செத்த நிறுத்துங்க." "லாரி போயிருக்கும், அந்த நாத்தம்"னேன். நிறுத்த எனக்கும் ஆசைதான். இறக்கத்துல நிறுத்தினா சாய்ஞ்சிரும், சாய்ஞ்சா அந்தப் பக்கம் பள்ளம். போயிட்டே இருந்தாப் போதும், கீழ போய்ச் சேர்ந்துட்டாப் போதும். அது ஒண்ணுதான் மண்டைக்குள்ள.

முப்பத்தி ஒண்ணு. பலகையைப் பார்த்தேன். காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

கால் உள்ள போயிருச்சுங்க.

மிதியில ஒண்ணுமே இல்ல. படியில இன்னொரு படி இருக்குதுன்னு காலை வெச்சா இல்லாமப் போகுமே, அப்படி. திரும்ப மிதிச்சேன். வெறும் காத்து. வண்டி வேகம் எடுக்குது. எப்படின்னு தெரியல, வளைவைத் திரும்பிட்டேன். சக்கரம் அந்தப் பக்கத்துச் சுவரை ஒட்டிப் போச்சு. சுவத்துல பாசி, அதுல சின்னதா மஞ்சப்பூ, அதெல்லாம் தெரியுது. கீழ, அடுத்த திருப்பத்துல, மலை பஸ்ஸு ஏறி வர்றது தெரியுது. பயத்துல ரெண்டு கையாலயும் கைப்பிடியை இறுக்கினேன். வலது கை விரல் அப்பவும் முன்பிரேக்குப் பக்கம் போகல. இடது கையில என்ன இருக்குது? கிளட்ச். கிளட்ச்சைப் புடிச்சா என்ஜின் கழண்டுக்கும், வண்டி உருளும். இன்னும் வேகமா உருளுது. சத்தமே இல்லாம உருளுது தம்பி. அந்தத் தொம் தொம் நின்னு போய், காத்து மட்டும் காதுல. நான் கத்தலீங்க. கத்தணும்னு வாயைத் திறந்தேன், வரல.

வாணி காதுக்குள்ள கத்தறா. "கிளட்ச்சை விடுங்க! கியரை இறக்கிட்டுக் கையை விடுங்க!" எனக்குக் கேக்குது. நல்லாக் கேக்குது. விரல் வரல. விரல் என்னோடது இல்ல. இடது காலு எப்படியோ கியரை ரெண்டு தடவை தட்டிருச்சு, அதுக்கு மேல ஒண்ணும் முடியல.

அப்பதானுங்க அவ சொன்னது. "கையை விடுய்யா!"

கல்யாணமாகி இருபத்தாறு வருசம். ஒரு நாள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல. யா! நடு ரோட்டுல! சொன்னதோட விடல, முன்னால எக்கி, என் இடது கை மொளியில ஓங்கி ஒரு குத்து. மடியில இருந்த பையைத் தூக்கிப் போட்டுட்டு, விரலைப் புடிச்சு நெம்பி எடுத்தா. கிளட்ச் பட்டுன்னு வெளிய வந்துச்சு. என்ஜின் ஒரு ஊளை ஊளையிட்டுது, பின் சக்கரம் குலுங்குச்சு, யாரோ பின்னாலிருந்து சட்டையைப் புடிச்சு இழுத்த மாதிரி வேகம் குறைஞ்சுது. பஸ்ஸு பத்தடிக்கு முன்னால வந்து நின்னுருச்சு. அந்த இடத்துல மலைப் பக்கம் எனக்கு இடது கை. ஓரத்துல கல்லும் மண்ணும் சரிஞ்சு கிடந்துச்சு. அதுல கொண்டு போய் விட்டுட்டேன். மூணு பேரும் விழுந்தோம், நானும் அவளும் இதுவும்.

அவ சொல்லாட்டியும் நான் கையை விட்டிருப்பேனுங்க. அந்த நொடியில எனக்கும் அதுதான் தோணுச்சு. அவ கொஞ்சம் முந்திக்கிட்டா, அவ்வளவுதான்.

பஸ் டிரைவர் இறங்கி வந்தார். பின் சக்கரத்துப் பிரேக் தட்டு சூட்டுல நீலமாப் போயிருந்துது. வாணி தண்ணி பாட்டிலை எடுத்தா. "ஊத்தாதீங்கம்மா, தட்டு கோணிக்கும். தானா ஆறட்டும், பிரேக்கு திரும்ப வந்துரும்"னார். அப்பறம் என்னைப் பார்த்து, "ஏங்க, ஏறுன கியர்லயே இறங்கணும்னு யாரும் சொன்னதில்லையா?"ன்னார். வாணி முழங்கைச் சிராய்ப்பைத் துடைச்சுக்கிட்டே, "சொல்லியிருக்காங்க"ன்னா. மத்தியானம் எனக்குச் சாப்பாடு எடுத்துட்டு எடைமேடைக்கு வருவால்ல, அங்க லாரி டிரைவருங்க பேசிட்டிருப்பாங்க, இறக்கத்துல பிரேக்கை நம்பாத, என்ஜினை நம்புன்னு. அதைக் கேட்டு வெச்சிருக்கா. நான் இருபத்திரண்டு வருசமா அங்கதான் இருக்கேன், எனக்கு வேலை இருக்கும், அதையெல்லாம் காதுல வாங்க முடியுங்களா?

பஸ்ஸு மேல போயிருச்சு. நான் அந்தக் கல்லு மேல உக்காந்தேன். கை ரெண்டும் ஆடுதுங்க. தொடைக்கு நடுவுல வெச்சு அமுக்கினேன், அப்பவும் ஆடுது. வாணி வந்து பக்கத்துல உக்காந்து, ரெண்டு கையையும் எடுத்து அவ மடியில வெச்சுப் புடிச்சுக்கிட்டா.  எவ்வளவு நேரம்னு தெரியல. அவளுக்குப் பயமா இருந்துருக்கும், பாவம், அதான் என் கையைப் புடிச்சுக்கிட்டா.

ஒரு மணி நேரம் கழிச்சு, "ஆறிருச்சு. ரெண்டாவது கியர்ல மெதுவாப் போலாம்"னா. நான் மாட்டேன்னுட்டேன். உன்னை வெச்சுக்கிட்டு இனி ஓட்ட மாட்டேன், உனக்கு ஏதாச்சும் ஆனா தாரணிக்கு நான் என்ன பதில் சொல்றதுன்னேன். வாழைத்தார் ஏத்தின வேன் ஒண்ணு வந்துச்சு. கையைக் காட்டி நிறுத்தி, தாருக்கு நடுவுல இதைத் தூக்கி வெச்சோம். சாயாம இருக்கறதுக்கு வாணி பின்னால நின்னு புடிச்சிக்கிட்டு வந்தா. நான் முன்னால டிரைவர் பக்கத்துல. யாராச்சும் ஒருத்தர் முன்னால இருந்து வழி சொல்லணுமில்லீங்களா. முப்பது வளைவும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் வந்தேன்.

அன்னிக்குக் கொட்டாய்ல நிறுத்தி, மேல சாக்குப் போட்டு மூடினவன்தான். மறுபடி மொபெட்டுக்குப் போயிட்டேன். அந்தப் பக்கம் போனா முகத்தைத் திருப்பிக்குவேன். அன்னிக்கு மலையில என்னைப் பார்த்துட்ட ஆளு மாதிரி அது நிக்குதுங்க, அங்க மூலையில. தாரணி போன் பண்ணினா, "வண்டி எப்படிப்பா இருக்குது?" "ஜம்முனு இருக்குதும்மா." வாணியும் நடந்ததைச் சொல்லல. முழங்கைக் காயத்துக்கு மாவு மிஷின்ல இடிச்சுக்கிட்டேன்னு சொல்லிட்டா.

இருவது நாள் கழிச்சுத்தான் அந்த விளம்பரம் போட்டேன். மகளுக்குத் தெரியாம. தப்புத்தான். "வீட்டில் பயப்படுவதால் விற்பனைக்கு"ன்னு போடச் சொன்னேன். நீங்களும் அதைப் படிச்சுட்டுத்தானே வந்தீங்க?

மொதல்ல வந்தவர் புதுசாக் கல்யாணமானவர். பரமத்தி வேலூர். பொண்டாட்டியையும் கூட்டிட்டு வந்திருந்தார். சின்னப் புள்ள, இருவத்தி ரெண்டு இருவத்தி மூணு வயசிருக்கும், மருதாணி கூட முழுசாப் போகல. வண்டியை ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து, "எடுத்துக்கறேங்க"ன்னார். எனக்கு அப்பாடான்னு ஆச்சு. சாவியைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறேன். அந்தப் பையன் பொண்டாட்டியைப் பார்த்துச் சொல்றான், "மொதல் டிரிப்பு கொல்லிமலைதான்."

நான் ஒண்ணும் சொல்லல தம்பி. சொல்லணும்னு நாக்கு வரைக்கும் வந்துச்சு. பின்பிரேக்கை மட்டும் நம்பி இறங்காதீங்க, கிளட்ச்சைப் புடிச்சுக்கிட்டு இறங்காதீங்க. ரெண்டு வார்த்தைதான். ஆனா அதைச் சொன்னா, உங்களுக்கெப்படித் தெரியும்னு கேப்பான். நான் வாயை மூடிக்கிட்டேன். அந்தப் புள்ளை மருதாணிக் கையில டேங்கைத் தடவிட்டு நிக்குது. பார்த்துக்கிட்டே நின்னேன்.

வாணி உள்ளிருந்து வந்தா. வந்து எல்லாத்தையும் சொல்லிட்டா. எல்லாத்தையும்! "எங்க ஊட்டுக்காரரு பயந்துக்கிட்டு மேலருந்து பிரேக்கை மிதிச்சபடியே வந்தாரு. பிரேக்கு காய்ஞ்சு போச்சு. அப்பறம் கிளட்ச்சைப் புடிச்சுட்டாரு, விரலை நான்தான் நெம்பி எடுத்தேன். வண்டி மேல ஒரு குத்தமும் இல்லம்மா, நீங்க தைரியமா எடுத்துட்டுப் போங்க. ஆனா இறங்கும்போது ரெண்டாவது கியர்ல இறங்கச் சொல்லு. ரெண்டு பிரேக்கும் விட்டு விட்டுப் புடிக்கச் சொல்லு." இந்த இடத்துல, இதே இடத்துல நின்னு சொன்னா. அந்தப் புள்ளை முகம் வெளுத்துப் போச்சு. புருசனைக் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருச்சு.

எனக்கு வந்த கோவம் இருக்குதே. "அடுத்தவங்க முன்னால என் மானத்தை வாங்கிட்டியே"ன்னேன். அவ சாக்கை எடுத்து மடிச்சுக்கிட்டே நின்னா. "அந்தப் பொண்ணு விரலை நெம்பி எடுக்குமோ எடுக்காதோன்னு இருந்துச்சுங்க"ன்னா.

அவ்வளவுதான் சொன்னா. நான் வெளிய போயிட்டேன். எடைமேடையில போய் உக்காந்தேன். ஞாயித்துக்கிழமை, லாரி இல்ல. அங்க உக்காந்து யோசிக்கும்போதுதான் உடம்பு வெலவெலத்துப் போச்சு. மலையில கூட அப்படி ஆகல. அந்தப் பையன் சாவியை வாங்கிட்டுப் போயிருந்தான்னா? நான் எனக்காகப் பயந்தேன், சரி. இது வேற பயமுங்க. இது போகவே மாட்டேங்குது.

சாயங்காலம் நாலு மணி இருக்கும், தொம் தொம்னு சத்தம் கேக்குது. யாருன்னு பார்த்தா வாணி. வண்டியை ஓட்டிட்டு வரலீங்க, ஓட்டத் தெரியாது. தெருவுல ஆள் புடிச்சு ஓட்டிட்டு வரச் சொல்லிட்டு, அவ பின்னால உக்காந்து வந்திருக்கா. எதிர் வீட்டு வாத்தியார்! அவருக்கு இந்த வண்டி மேல எப்பவும் ஒரு கண்ணு. அவரை அனுப்பிட்டு, சேலையை இடுப்புல சொருகிட்டு, "ஏறுங்க"ன்னா.

மாட்டேன்னேன்.

"இங்க பள்ளமும் இல்ல, பஸ்ஸும் இல்ல. ஏறுங்க. நான் பின்னால இருக்கேன்"னா.

மேடையைச் சுத்தி லாரி திரும்பற மைதானம் இருக்குது, நீங்க வர்ற வழியில பார்த்திருப்பீங்க. அதுல சுத்தினோம். ரெண்டாவது கியர்ல, முறுக்காம, வெறும் என்ஜின் இழுப்புல. வண்டி மாடு மாதிரி நடக்குதுங்க. "இப்ப கிளட்ச்சைப் புடிங்க." புடிச்சேன், உருண்டுது, உடனே மலை ஞாபகம் வந்து கை இறுகிருச்சு. "இப்ப விடுங்க." வரல. அவ குத்தலீங்க, எக்கி என் கை மேல கையை வெச்சா. விட்டேன். சட்டையைப் புடிச்சு இழுத்த மாதிரி நின்னுது. "மறுபடி"ன்னா. அன்னிக்கு இருட்டறதுக்குள்ள முப்பது நாப்பது தடவை புடிச்சு விட்டிருப்பேன். முன்பிரேக்கு மூணாவது வாரந்தான் தொட்டேன். தூக்கிப் போடலீங்க. குனிஞ்சு ஒரு கும்பிடு போட்டுட்டு நின்னுருச்சு, அவ்வளவுதான். இதுக்கா இத்தனை மாசம் பயந்தேன்னு இருந்துச்சு.

இப்ப அவளும் மைதானத்துல ஓட்டறா. நான்தான் கொஞ்சம் சொல்லிக் குடுத்தேன். அவ ஓட்டும்போது நான் எடைமேடை ஜன்னலுக்கு உள்ள போயிடுவேன், பார்க்க முடியாதுங்க.

அதனாலதான் தம்பி, வண்டி விக்கறதில்ல. பயம் போயிருச்சான்னு கேட்டீங்கன்னா, எனக்கெங்க பயம், அவளுக்குத்தான் மொதல்ல கொஞ்சம் இருந்துச்சு. காலையில அஞ்சு மணிக்கே முழிப்பு வந்துருச்சு, வேற ஒண்ணுமில்ல. சாப்பாடு இறங்கல, அது பித்தமா இருக்கும்.

இன்னிக்கு என்னன்னு கேக்கறீங்களா? இன்னிக்கு மேல போறமுங்க. அதான் வெளிய கிளம்பற நேரம்னேனே. தாரணிக்குப் பொறந்த நாள். வாணி நேத்தே சொல்லிட்டா, எழுபது வளைவும் ஏறி, எழுபது வளைவும் நாமளே இறங்கி வரணும், வேனு கீனு எல்லாம் கிடையாதுன்னு. தாரணிகிட்ட நடந்ததையும் சொல்லிடணுமாம். அது வேற. பஸ்ல போலாம், காத்தாட இருக்கும்னு சொல்லிப் பார்த்தேன். கேக்கல. காலையில எட்டு மணிக்குக் கிளம்பறதா இருந்துச்சு. எட்டரைக்கு வாத்தியார் வந்தார், அவரோட கொஞ்சம் பேசினேன். அப்பறம் கேபிள்காரர். இப்ப நீங்க. மணி என்னங்க? பத்தே காலா!

இன்னொரு காபி குடிக்கறீங்களா? இல்லையா. ஊர்ல தோட்டம் இருக்குதுங்களா உங்களுக்கு? வாழையா, வெத்தலையா? சொல்லுங்க, சொல்லுங்க.

ஆ, வர்றேன் வாணி! தம்பி பேசிட்டிருக்கார், நடுவுல எப்படி எந்திரிக்கறது!

பார்த்தீங்களா, ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டே வந்து வண்டிகிட்ட நிக்கறா. இனி நிக்க விட மாட்டா. சரிங்க தம்பி, சந்தோசம். வண்டி குடுக்க முடியலன்னு மனசுல வெச்சுக்காதீங்க.

தம்பி, ஒரு நிமிசம். நீங்களும் டூ வீலர்லதானே வந்தீங்க? மோகனூர் எதிர்ப்பக்கம்னு தெரியும். ஞாயித்துக்கிழமைதானே, அப்படியென்ன அவசரம். எங்க பின்னாலயே வர்றீங்களா? காரவள்ளி வரைக்கும். இல்ல, மேல வரைக்கும் வந்தீங்கன்னாலும் சரி, அருவி எல்லாம் பார்க்கலாம். துணைக்கெல்லாம் இல்லீங்க. சும்மா, பின்னால ஒரு வண்டி வருதுன்னு தெரிஞ்சா, அவளுக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்.